பதினொரு கையெழுத்து

எங்கள் படிப்பகத்துக் கையெழுத்து ஏட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் இதழின் இறுதியிலும் நான்கு பக்கங்கள் வெற்றாக விடப்படும். படித்தவர் அதிலே பெயரெழுதலாம், பாராட்டலாம், பழிக்கலாம். அச்சேடு நடத்துவோர்க்கு விற்பனைக் கணக்குத்தான் கிட்டும். எமக்கோ படித்தவர் கையே கிட்டுகிறது!

சென்ற விடுமுறையில் பழைய இதழ்களையெல்லாம் பாயிலே பரப்பி, என் கட்டுரைகளில் எதற்கு எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பார்த்தேன். எழுதுகிறவனுக்கு எழும் இயல்பான ஆசை. எண்ணி முடித்ததும் சிறிது நேரம் பேசாதிருந்தேன்.

முதலிடம், அத்திவரதர் கட்டுரைக்கு. 2019ஆம் ஆண்டு, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள், நாற்பதாண்டு குளத்து நீருக்கடியிலிருந்த மரச்சிலையைக் காண நாடே எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் திரண்டது. நடக்க இடமில்லை, நெரிசலில் மாண்டோரும் உண்டு. கல்லூரி மாணவனாயிருந்த நான், கேலியும் கிண்டலும் கொப்பளிக்க எழுதினேன். கையெழுத்து 94!

அடுத்த இடம், வடகலை தென்கலை வழக்குக்கு. வரதராசப் பெருமாள் கோயிலில் யார் முன்னின்று பாடுவது என்ற சச்சரவு நூறாண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறதே, அதைப் பற்றியது. கையெழுத்து 81.

கடைசி இடம்? "கரைக்கு ஒரு கை" என்ற கட்டுரை. கையெழுத்து 11.

அது தறியைப் பற்றியது. காஞ்சிப் பட்டிலே உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று கண்டு வியக்கிறார்கள் அல்லவா? அதற்குக் கோர்வை நெசவு என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளி ஒருவரால் ஆகாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அந்தக் கை குழந்தையின் கையாகவே இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. நிலைமை பெரிதும் மாறியது. ஆயினும் பதினான்கு வயதைக் கடந்த பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் சட்டம் எது? திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்கு அண்ணன் போய்விட்டான். அவன் விட்ட இடத்தில், ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண் உட்கார்ந்துவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நாள்தோறும் வராதவள் என்று குறித்த கை என்னுடையது. அந்த வேதனையில் எழுதினேன். "பெற்ற மகளைத் தறிக்குழியில் இறக்கும் தந்தையே!" என்று முழங்கினேன்.

தோழர்களே, 94 பெரிது, 11 சிறிது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்தேன். தொண்ணூற்று நால்வரும் நம்மவர்! என் கட்டுரையைப் படிக்கு முன்பே அத்திவரதரை நம்பாதவர்கள். நான் சிரிக்க வைத்தேன், சிரித்தார்கள், கையெழுத்திட்டார்கள். ஒருவர் உள்ளத்திலும் ஓர் அணுவும் அசையவில்லை. பதினொருவரிலோ எழுவர், அதற்குமுன் எம் ஏட்டைத் தொட்டறியாதவர்கள். நெற்றியில் நாமமிட்டு, விடியலில் பெருமாளை வணங்கிவிட்டுத் தறியிலமரும் முதியவர் ஒருவரும் அவர்களுள் உண்டு. அவர் எழுதியிருந்தார்: "வாத்தியார் தம்பிக்கு, தந்தையைத் திட்டிவிட்டாய். வாங்கிய முன்பணத்தையும், உதவியாளுக்குக் கொடுக்கக் கட்டாத கூலியையும் எழுதினாயா? கணக்கை எழுது. பிறகு திட்டு."

தொண்ணூற்று நான்கு பாராட்டும் கற்றுத்தராததை அந்தச் சில வரிகள் கற்றுத்தந்தன.

எங்கள் ஊரில்தான் 1909இல் அண்ணா பிறந்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். 1942இல் காஞ்சியிலிருந்து "திராவிட நாடு" கிழமை இதழைத் தொடங்கியவர், எதை எழுதினால் மக்கள் படிப்பார்கள் என்பதை அறியாதவரா? கட்டுரையைத் தொடாதவன் கதையைத் தொடுவான், கதையைப் படிக்கத் தெரியாதவன் நாடகத்தைக் காண்பான் என்று கண்டவர் அவர். "வேலைக்காரி" நாடகமாகி, 1949இல் திரைப்படமாகவும் வந்தது. 1955இல் தொடங்கித் தம்பிக்கு மடல்கள் வரைந்தார். ஈர்க்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஆனால் அந்த வித்தையோடு அவர் நிற்கவில்லை. 1953இல் நெசவாளர் பட்டினியால் வாடியபோது, கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவிலே விற்றார். நாடெங்கும் விரும்பிப் படிக்கப்பட்ட அவரே, 1962இல் இந்தக் காஞ்சித் தொகுதியில் தோற்றார் என்பதும் வரலாறு. படித்துச் சுவைப்பது வேறு, மனம் மாறுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூடநம்பிக்கையைச் சாடாதீர் என்று நான் சொல்லவில்லை, நானும் சாடுவேன். ஆனால் கைதட்டல் எங்கே கிடைக்கும் என்று கண்டுகொண்ட பேனா, மீண்டும் மீண்டும் அங்கேயே ஓடும். பழகிய மாடு வீடு திரும்புவதுபோல! நம்மவர் நம்மவர்க்கே எழுதி, நம்மவரே பாராட்டி, நம் நான்கு சுவருக்குள் புரட்சி முடிந்துவிடும்.

முதியவரின் வீட்டுத் திண்ணையில் மூன்று மாலை அமர்ந்தேன். அவர் சொல்ல, பாவுக்கும் சரிகைக்கும் கூலிக்கும் கணக்கெழுதினேன். முன்பணம் ஒரு வீட்டை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதை அடுத்த இதழில் வெளியிட்டேன். தந்தையைத் திட்டியது தவறு என்றும் எழுதினேன். அதற்குக் கிடைத்த கையெழுத்து 9.

அந்தப் பெண் இன்னும் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஆனால் ஒன்பதாவது கையெழுத்து அவள் தந்தையுடையது. கருத்தொன்றும் எழுதவில்லை, பெயர் மட்டும். அந்தப் பெயரின்கீழ் இன்னும் மூன்று பக்கம் வெற்றாகவே இருக்கிறது. இதழை அவர் வீட்டுக்கு மறுபடியும் எடுத்துச் செல்லப் போகிறேன்.