இருவர் மாத்திரம் செலுத்தும் படகு

மட்டாஞ்சேரியின் படகுத்துறையில் நின்று கிழக்கே நோக்குகிறவர்களுக்கு எதிரே தெரிவது வில்லிங்டன் தீவு. அது ஒரு காலத்தில் இவ்வளவு பெரிய தீவாய் இருந்ததில்லை. 1920 ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், துறைமுக வாயிலை அடைத்துக்கிடந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். தோண்டியெடுத்த மண்ணைக் காயலில் கொட்டித்தான் இத்தீவின் பெரும்பகுதி உருவாக்கப்பட்டது. 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்ற கப்பல் அவ்வழியாய் உள்ளே பிரவேசித்தது. மட்டாஞ்சேரிக்கு வருகிற நம் ஜனங்கள் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளையும், 1568 இல் கட்டப்பட்ட யூதருடைய ஜெப ஆலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தண்ணீர்ப் பக்கமாய் முகத்தைத் திருப்புகிறவர்கள் சொற்பமே. இந்த மாதம் அந்தப் பக்கத்தைக் குறித்தே எழுத விரும்புகிறேன்.

டிசம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று சாந்தமாய் வீசும் நாட்களில், கொச்சித் துறைமுகத்திற்குள் அந்நிய நாட்டுக் கொடி கட்டிய சிறு பாய்மரப் படகுகள் வந்து சேர்வதுண்டு. தாய்லாந்து, மலேசியா, இலங்கை வழியாய் வருகிறவை அவை. நாற்பது ஐம்பது அடி நீளந்தான் இருக்கும். துறைமுக, சுங்க, குடியேற்ற அலுவலர்களிடம் காகிதங்களை முடித்துக்கொண்டு, போல்காட்டி தீவிலுள்ள பாய்ப்படகுத் துறையில் கட்டப்படுகின்றன. சம்பளத்திற்கு அமர்த்திய மாலுமிகளை அவற்றில் தேடினால் காணமாட்டீர்கள். அநேக படகுகளில் ஒரு கணவனும் மனைவியும் மாத்திரமே இருப்பார்கள்; தலை நரைத்தவர்களே அதிகம். வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ புறப்பட்டவர்களும் அவர்களுக்குள் உண்டு. இங்கிருந்து அரபிக்கடலைக் கடந்து ஓமன் தேசத்து சலாலாவுக்குப் போய், செங்கடல் வழியாய் சூயஸ் கால்வாயை அடைந்து, மத்தியதரைக் கடலில் பிரவேசிப்பது நெடுங்காலமாய் அவர்களுடைய பாதை. பிப்ரவரியில் கொச்சியை விட்டால், அங்கே வசந்தகாலம் தொடங்குகையில் போய்ச் சேரலாம்.

அப்படகுகளில் சில இரட்டை உடல் கொண்டவை. அவற்றை ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்கிறார்கள். அது நம்முடைய ‘கட்டுமரம்’ என்ற சொல்லே. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரக் கடலோடிகளின் மூலமாய் அது அவர்கள் பாஷைக்குள் ஏறிற்று. நம் மீனவர் கட்டிய மரங்களுக்கும் இன்றைய இரட்டை உடல் படகுக்கும் அமைப்பில் சம்பந்தம் குறைவு. பசிபிக் தீவுக்காரரின் இரட்டைத் தோணிகளே அதற்கு முன்மாதிரி. ஆயினும் பேர் நம்முடையது. அதில் ஏறிப்பார்க்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதுமில்லை. 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் மின்கலப் படகுகள் எல்லாம், கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் அலுமினியத்தால் கட்டப்பட்ட இரட்டை உடல் படகுகளே. 2025 அக்டோபர் முதல் அவை மட்டாஞ்சேரிக்கும் வருகின்றன.

மத்தியதரைக் கடலுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு பழமையானது. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து ஜூலை மாதம் புறப்பட்ட ரோமருடைய கப்பல்கள், தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து, கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறிக்கு வந்து, மிளகை ஏற்றிக்கொண்டு, டிசம்பர் ஜனவரியில் திரும்பின. 1341 இல் பெரியாற்றில் உண்டான பெருவெள்ளம் முசிறியின் வாயைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்தது என்பார்கள். இன்று கொச்சியிலிருந்து பாய்விரிக்கிற தம்பதியரும் அதே காற்றுக்காகவே காத்திருக்கிறார்கள்.

சலாலா ஏறத்தாழ 1,350 கடல்மைல் தூரம். நாளொன்றுக்கு 120 முதல் 150 கடல்மைல் ஓடும் படகுக்கு அது பத்து நாள் பிரயாணம். பத்து இரவுகளிலும் நங்கூரம் போட இடமில்லை. கடல் அவ்வளவு ஆழம். ஆகையால் இரவை ஜாமங்களாய்ப் பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் ஒருவர் விழித்திருக்க மற்றவர் தூங்குவார், பின்பு மாறிக்கொள்வார்கள். சுக்கானைத் தானியங்கிக் கருவி பிடித்துக்கொள்ளும். ஆனால் எதிரே வருகிற சரக்குக் கப்பலையும், கேரளக் கரையோரம் விளக்கில்லாமல் கிடக்கும் மீன்பிடி வலைகளையும் பார்க்க மனிதக் கண் வேண்டும். இருவர் செலுத்தும் படகுகளில் அநேகர் கைக்கொள்ளும் ஒரு கட்டளையுண்டு: இரவில் பாயைச் சரிசெய்ய முன்தளத்திற்குப் போவதானால், தூங்குகிறவரை எழுப்பாமல் போகக்கூடாது. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்தாலும் அப்படியே. ஒருவர் இருளில் கடலில் விழுந்தால், மற்றவர் கண்விழிக்கையில் படகு பத்துப் பதினைந்து மைல் கடந்திருக்கும்.

இதை எழுதுகையில் நம்முடைய நகரத்துக் குடும்பங்கள் என் நினைவில் வருகின்றன. கணவனுக்குப் பகல் ஷிப்ட், மனைவிக்கு இரவு ஷிப்ட். கதவுக்கு இரண்டு சாவிகள். ஒருவர் வருகையில் ஒருவர் போகிறார். அவர்களும் ஜாமக்காவல் மாறுகிறவர்கள்தாம். கடலில் காவல் மாறும்போது காற்று எப்படி, எந்தக் கப்பல் எந்தத் திசையில் போகிறது, எது பழுதாயிற்று என்று சில நிமிடங்கள் நின்று சொல்லிவிட்டே படுக்கப் போவார்கள். நம் வீடுகளில் அந்தச் சில நிமிடங்கள் கிடைப்பதில்லை. குளிர்பெட்டியின்மேல் ஒட்டிய காகிதத் துண்டு பேசுகிறது. தம்பதியர் சண்டையென்று போதகரிடம் வருகிற விஷயங்களில் பாதி, ஒருவர் மற்றவரை எழுப்பாமல் தனியாய் முன்தளத்திற்குப் போனதினால் உண்டானவை என்பது என் அபிப்பிராயம்.

மத்தியதரைக் கடலில் கப்பலேறிய ஒரு தம்பதியரை வேதமும் நமக்குக் காட்டுகிறது. ஆக்கில்லா பொந்து தேசத்தான். கருங்கடல் கரையில் பிறந்தவன். ரோமாபுரியில் குடியிருந்து, கி.பி. 49 வாக்கில் கிலவுதியு ராயனின் கட்டளையால் மனைவி பிரிஸ்கில்லாளோடு அங்கிருந்து வெளியேறி, கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்தான். பின்பு இருவரும் பவுலோடு கெங்கிரேயாத் துறையில் கப்பலேறி எபேசுவுக்குப் போனார்கள். பவுல் பிரயாணத்தைத் தொடர்ந்தான். இவர்கள் அங்கே தங்கினார்கள். ரோமருக்கு எழுதின நிருபத்தில் மறுபடியும் ரோமாபுரியில் காணப்படுகிறார்கள், பின்னாளில் எபேசுவில். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இவர்களைக்காட்டிலும் நெருங்கின உறவினர் புதிய ஏற்பாட்டில் உண்டோ? ஆறு இடங்களில் இவர்கள் பேர் வருகிறது; ஆறிலும் இருவர் பேரும் சேர்ந்தே வருகிறது. சில இடங்களில் மனைவியின் பேர் முதலாவது வருவதையும் கவனியுங்கள்.

கடல் எப்போதும் இரக்கமுள்ளதல்ல. 2009 அக்டோபர் 23 அன்று, சீஷெல்ஸ் தீவுகளிலிருந்து தான்சானியாவுக்குப் போன பால் சாண்ட்லர், ரேச்சல் சாண்ட்லர் என்ற பிரிட்டிஷ் தம்பதியரைச் சோமாலியக் கொள்ளைக்காரர் பிடித்துக்கொண்டுபோய் 388 நாட்கள் வைத்திருந்தார்கள். அந்நாட்களில் ஒரு பகுதி இருவரையும் அடித்துப் பிரித்து, தனித்தனி இடங்களில் அடைத்தார்கள். 2010 நவம்பரில் விடுதலையான அவர்கள், படகைப் பழுதுபார்த்து, 2012 இல் மறுபடியும் கடலுக்குப் போனார்கள்.

ஸ்காட் ஆடம், ஜீன் ஆடம் என்ற அமெரிக்கத் தம்பதியருக்கு அப்படி நடக்கவில்லை. 2004 முதல் ‘குவெஸ்ட்’ என்னும் தங்கள் படகில் உலகைச் சுற்றி, போகிற துறைகளிலெல்லாம் வேதாகமங்களைக் கொடுத்துவந்தவர்கள் அவர்கள். மும்பையிலிருந்து சலாலாவை நோக்கிப் போகையில் 2011 பிப்ரவரி 18 அன்று ஓமன் கடற்பரப்பில் பிடிக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கடற்படையுடன் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 22 ஆம் தேதி, அவர்களும் உடனிருந்த இரண்டு நண்பர்களும் சுடப்பட்டு மரித்தார்கள். வேதாகமத்தைச் சுமந்துபோன படகு ஏன் காக்கப்படவில்லை என்று கேட்பவர்களுக்கு எளிதான ஒரு பதிலைச் சொல்ல நான் துணியமாட்டேன்.

அந்த ஆண்டில் அநேக தம்பதியர் தங்கள் படகுகளைச் சரக்குக் கப்பலின்மேல் ஏற்றி துருக்கிக்கு அனுப்பினார்கள். கொள்ளை அடங்கியபின் பாதை திறந்தது. 2023 நவம்பர் முதல் ஏமன் தேசத்து ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கவே, மீண்டும் தயக்கம் உண்டாயிற்று. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப்போவது மற்றொரு வழி. அது பல மாதப் பிரயாணம், கடலும் கடுமை. அதற்குத் துணியாத வேளையில், மனைவி விமானத்தில் போய்ச் சேர, கணவன் வேறு ஆட்களோடு படகைக் கொண்டுபோவதும் உண்டு. அதைக் கோழைத்தனம் என்று நான் எண்ணவில்லை. இருவரும் பேசி முடிவெடுத்தார்களா என்பதே கேள்வி.

இருவர் காவலுக்கு அண்மைக்கால உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள், ஒரு மலையாளியும் ஒரு தமிழ்ப் பெண்ணும், 2024 அக்டோபர் 2 அன்று ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போக்லாந்து தீவுகள், கேப்டவுன் ஆகிய நான்கு இடங்களில் மாத்திரம் நின்று, 25,000 கடல்மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பிவந்தார்கள். எட்டு மாதமும் ஒருவர் தூங்க மற்றவர் விழித்திருந்த பிரயாணம் அது.

கொச்சிக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். எர்ணாகுளம் உயர்நீதிமன்றத் துறையில் வாட்டர் மெட்ரோவில் ஏறினால், எதிரே போல்காட்டி தெரியும். படகுகள் கட்டியிருந்தால், பாய்கள் சுருட்டப்பட்டு, ஓரக்கம்பிகளில் துணி காய்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் இரண்டு பேருடைய துணிகள்தாம்.