கவ்வாத்தும் கூர்ப்பும்

லிந்துலை மலைகளில் இடுப்பளவாய் மட்டம் பிடித்து நிற்கும் தேயிலையைக் குறுஞ்செடியென்றே காண்போர் எண்ணுவர். கவ்வாத்துக் கத்தி படாவிடில் அது மரமாகும். நுனியரும்பிலிருந்து இறங்கும் ஒட்சின் கீழுள்ள அரும்புகளை அடக்குகின்றது. கொழுந்து கிள்ளும் விரல் அவ்வடக்கத்தை நீக்கப் பக்கக்கிளைகள் விரிகின்றன. ஆயினும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாள்முதல் வெட்டிய வெட்டெல்லாம் அதன் பரம்பரையலகுகளிற் பதியவில்லை. விதை மரமாகவே வளர முயலும். லாமாக்கு கண்டிருந்தால் வியந்திருப்பார்!

கூர்ப்புக்கு வேண்டுவது பிறவியிலேயே வரும் வேறுபாடு. பழைய விதைத் தேயிலை மலையில் அடுத்தடுத்த செடிகளும் இலையால் வேறுபடுவதைக் கொழுந்து பறிக்கும் முதிய பெண்கள் நன்கறிவர். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அத்தகைய செடிகளிலிருந்தே சிறந்தவற்றைத் தெரிந்தெடுத்தது. வெட்டுத்துண்டுகளாற் பெருகும் வீ.பீ. தேயிலையோ மலை முழுதும் ஒரே வார்ப்பு. அதனை நடுவதற்கெனப் பிடுங்கப்படுவது அவ்விதைத் தேயிலையே.