மெதுவாகும் கணினியும் நாம் ஏற்றும் சுமையும்



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வெண்பலகையையும் பயிற்றியையும் நம்பியிருந்த நம்மில் பலர் ஒரு சில வாரங்களிலேயே காணொலி தயாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நின்றுவிடவில்லை. விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, ஆறாம் ஆண்டு மாணவர்களின் பிரியாவிடை என எந்த நிகழ்ச்சியானாலும் திரையில் ஒரு காணொலி ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பள்ளிச் சின்னம் சுழன்று வர வேண்டும். பெயர்கள் பொன்துகள்களாகச் சிதறிச் சேர வேண்டும். பின்னணியில் வாணவேடிக்கையும் வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்ய வேண்டிய கணினியோ பாதி வழியில் திணறி நின்றுவிடுகிறது. "கணினி பழையது, புதியது வாங்கினால்தான் சரிவரும்" என்ற முடிவு உடனே எடுக்கப்படுகிறது. அம்முடிவுக்கு வருமுன் பார்க்க வேண்டியவை சில உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் இவை பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கணினி அப்படி என்னதான் செய்கிறது?

அசைவூட்ட மென்பொருளில் நாம் அமைத்த படங்கள், எழுத்துகள், ஒளி விளைவுகள் அனைத்தையும் கணக்கிட்டு, ஒவ்வொரு படச்சட்டமாக இறுதி வடிவில் ஆக்குவதையே ரெண்டரிங் என்கிறோம். ஒரு நொடிக்கு 25 சட்டங்கள் என்றால் மூன்று நிமிடக் காணொலிக்கு 4,500 சட்டங்கள். ஒரு சட்டத்திற்கு 2 நொடி பிடித்தால் வேலை இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே சட்டத்திற்கு 10 நொடி பிடித்தால் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். ஒரு சட்டத்தில் கூடும் சிறு நேரம் 4,500 மடங்காகப் பெருகுகிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டுக்குச் சுண்ணாம்புக் குன்றுகளும் குகைக் கோயில்களும் எவ்வளவு பெயர் பெற்றவையோ, அவ்வளவு பெயர் பெற்றது 'ஹியோங் பெங்' என்னும் பிஸ்கட். கடைக்காரரை அவசரப்படுத்தினால் அடுப்பு விரைவாக வேகவைத்துவிடாது. ஆனால் ஒரு தட்டில் எத்தனை பிஸ்கட், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பூரணம் என்பது செய்பவரின் கையில் உள்ளது. ரெண்டரிங்கும் அப்படிப்பட்டதே.

பிரியாவிடைக் காணொலி ஒன்று

நான் பணிபுரியும் பள்ளி, முன்பு இரப்பர்த் தோட்டமாக இருந்த ஓரிடத்தில் உள்ள சிறிய பள்ளி. தோட்டம் போய்விட்டது, லயங்களும் இல்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பல தாமான்களிலிருந்து பள்ளி வேனில் வந்து படிக்கிறார்கள். பள்ளித் தவணையின் இறுதியில், ஆறாம் ஆண்டு மாணவர்கள் பத்தொன்பது பேருக்காக இளம் ஆசிரியர் ஒருவர் மூன்று நிமிடக் காணொலி ஒன்றைத் தயாரித்தார். அதன் நடுவில் ஒரு பழைய புகைப்படம் வரும். விடியற்காலையில் பால்வாளிகளுடன் பிரட்டுக்கு நிற்கும் தொழிலாளர்களின் படம் அது. அதில் நிற்கும் பெண்களுள் ஒருவர் எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி. அவரையும் விழாவுக்கு அழைத்திருந்தோம்.

நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கையில் கணினி 14 மணி நேரம் ஆகும் என்று காட்டியது. இரவெல்லாம் ஓடவிட்டும் பயனில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் புகைப்படம் வரும் இடத்திலேயே நின்றது. சங்கத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், கம்ப்யூட்டர் பழசாப் போச்சு போல. ஏழாயிரம் ரிங்கிட்ல புதுசு ஒன்னு வாங்கிடலாமா?" என்றார். வேறொருவர், "அந்தப் பழைய படத்தை எடுத்துவிட்டால் ஓடுகிறதே, எடுத்துவிடுவோம்" என்றார்.

இரண்டாவது யோசனைதான் என்னை உறுத்தியது. அக்காணொலியில் நீக்கக்கூடாத ஒன்று இருந்தது என்றால் அது அந்தப் படம்தான். மின்னும் துகள்களுக்கு இடம் கொடுத்துவிட்டு அந்தப் பாட்டியை நீக்குவதா?

நோயின் முதலைத் தேடுதல்

நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, பிறகே மருந்து கொடுக்க வேண்டும் என்ற வரிசையைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் நாம் பாடமாக நடத்துகிறோம். அந்த வரிசையிலேயே சென்றோம்.

முதல் கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வெவ்வேறு இடங்களிலா? வெவ்வேறு இடங்களில் நின்றால் பெரும்பாலும் வெப்பத்தையோ நினைவகப் பற்றாக்குறையையோ ஐயுற வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அவ்விடத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளே காரணமாக இருக்கும். எங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்து, பாதியாகப் பிரித்துச் சோதித்தோம். அவ்விடத்தில் உள்ள அடுக்குகளில் பாதியை அணைத்துவிட்டு ஓடவிட வேண்டும். ஓடினால் குற்றம் அணைத்த பாதியில் உள்ளது. ஓடாவிட்டால் மீதிப் பாதியில் உள்ளது. முப்பது அடுக்குகள் இருந்தாலும் ஐந்து சோதனைகளில் ஒன்றைப் பிடித்துவிடலாம். நாங்கள் பயன்படுத்திய ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் 2021 அக்டோபரில் வந்த பதிப்பு முதல் இதற்கு ஒரு துணையும் உண்டு. காலவரிசைப் பகுதியின் கீழே ஒரு நத்தைச் சின்னம் இருக்கும். ஒரு சட்டத்திற்கு எந்த அடுக்கு, எந்த விளைவு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை அதன் உதவியால் அறியலாம்.

கண்டவை மூன்று.

ஒன்று, அந்தப் புகைப்படம் மிகப் பெரிய அளவில் வருடப்பட்டிருந்தது. அகலம் 12,000 புள்ளிகள், உயரம் 9,000 புள்ளிகள். அதாவது 10 கோடியே 80 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் அந்த ஒரு படத்திற்கு மட்டும் 432 மெகாபைட் நினைவகம் வேண்டும். நம் திரைக்குத் தேவையோ 1920-க்கு 1080. ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள், 8.3 மெகாபைட். பெரிய படத்தின் மீது ஒளிரும் விளைவையும் மங்கல் விளைவையும் வேறு அடுக்கியிருந்தார்கள். 8 கிகாபைட் நினைவகம் உள்ள கணினி அங்கே மூச்சுவிட முடியாமல் நின்றதில் வியப்பில்லை. படத்தைத் திரைக்குத் தேவையான அளவிற்குச் சுருக்கி மீண்டும் இணைத்தோம். படமும் கெடவில்லை, கணினியும் நிற்கவில்லை.

இரண்டு, பத்தொன்பது பெயர்களுக்கும் தனித்தனியே துகள் சிதறும் செருகுநிரல் போடப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான துகள்களின் இயக்கத்தைக் கணினி பத்தொன்பது முறை புதிதாகக் கணக்கிட்டது. அவ்விளைவை ஒரே ஒருமுறை பின்னணி ஒளிபுகும் காணொலித் துண்டாக வெளியிட்டு, அதையே எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் வைத்தோம்.

மூன்று, வாழ்த்துரைகள் கைப்பேசியில் 4கே அளவில் பதிவாகியிருந்தன. அதில் ஒவ்வொரு சட்டமும் நம் திரை அளவைப் போல் நான்கு மடங்கு. மேலும், பல கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை சட்டம் என்ற நிலையான கணக்கில் பதிவதில்லை. அதனால் ஒலி வாயசைவை விட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் அவற்றை நிலையான வேகத்திற்கும் சிறிய அளவிற்கும் மாற்றிக்கொண்டோம்.

மறுநாள் அதே கணினியில் வேலை இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்தது.

செருகுநிரல்கள் குறித்துச் சில சொற்கள்

செருகுநிரல் என்பது மென்பொருளுக்கு வெளியார் எழுதிச் சேர்க்கும் துணைநிரல். மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய செருகுநிரல் சில வேளை ஏறாது, ஏறினாலும் தடுமாறும். பல சட்டங்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் வசதி ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 2021-இல் வந்தது. அதற்கேற்ப எழுதப்படாத செருகுநிரல் ஒன்று இருந்தால் அந்த வேகம் முழுமையாகக் கிடைக்காது. ஐயம் எழுந்தால் செருகுநிரல்களை அவற்றின் கோப்புறையிலிருந்து வெளியே நகர்த்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். முக்கியமான பணி நடந்துகொண்டிருக்கும்போது மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டா.

பூட்டு உடைத்த செருகுநிரல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்று மாணவர்களே நமக்குச் சொல்கிறார்கள். அவற்றை நிறுவ நச்சுநிரல் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். பிள்ளைகளின் பெயர்களும் புகைப்படங்களும் உள்ள கணினியில் அதைச் செய்யலாமா? அதோடு, பிறர் உழைப்பைத் திருடாதே என்று காலையில் நன்னெறி நடத்திவிட்டு மாலையில் நாமே அதைச் செய்ய இயலாது. நேரிய வழியில் இலவசமானவை உள்ளன. 2002-இல் திறமூலமாக்கப்பட்ட பிளெண்டர் ஒன்று. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மற்றொன்று.

நம் நாட்டிற்கும் நம் மொழிக்கும் உரியவை

மேலை நாட்டுக் குறிப்புகள் அதிகம் பேசாத மூன்று செய்திகள் நமக்கு உண்டு.

முதலாவது வெப்பம். தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்கு மடிக்கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுத் துளைகளில் உள்ள தூசியை அகற்றுங்கள். மேசை விரிப்பின் மீது வைக்காதீர்கள். கனமான வேலையை இரவில் ஓடவிடுங்கள்.

இரண்டாவது மின்தடை. ஈப்போவின் மாலை இடிமழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நேரடியாகக் காணொலிக் கோப்பாக வெளியிடும்போது இடையில் மின்சாரம் போனால் அதுவரை செய்தது வீணாகலாம். ஒவ்வொரு சட்டத்தையும் தனிப் படமாக வெளியிட்டால், 3,000-ஆம் சட்டத்தில் நின்றாலும் அங்கிருந்தே தொடரலாம். கடைசியில் அப்படங்களைக் கோத்துக் காணொலியாக்குவது சிறிது நேர வேலை.

மூன்றாவது தமிழ் எழுத்து. ஒருங்குறியில் 'கொடி' என்று தட்டினால், கொம்பை ககரத்திற்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் எழுத்துப் பொறியின் கடமை. பழைய பதிப்புகள் பல தமிழ் போன்ற எழுத்துகளை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். புதிய பதிப்புகளின் விருப்பத்தேர்வுகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் தமிழ் ஒழுங்காகத் தெரியும் வேறொரு மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து இணையுங்கள். ஆறாண்டு தமிழ் படித்து வெளியேறும் பிள்ளையின் பெயர், அவன் பள்ளித் திரையிலேயே கொம்பு மாறி நிற்பது நமக்கு அழகன்று.

வேகம் கூடினால் தீருமா?

1995-இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' படத்தை ரெண்டர் செய்ய 117 கணினிகள் இரவு பகலாக ஓடின. அன்றைய கணினிகளைவிட இன்றையவை பன்மடங்கு வேகமானவை. ஆயினும் பெரிய அசைவூட்டப் படங்களுக்கு இன்றும் ஒரு சட்டத்திற்குப் பல மணி நேரம் ஆகிறது. கணினி எவ்வளவு வேகமானாலும் ஒரு சட்டத்தின் ரெண்டரிங் நேரம் மாறாமலே இருக்கும் என்னும் கருத்துக்குப் 'பிலின் விதி' என்று பெயர். கணினி வரைகலை அறிஞர் ஜிம் பிலின் பெயரால் வழங்குவது. வேகம் கூடக்கூட நாம் சுமையையும் கூட்டிக்கொண்டே போகிறோம் என்பதே அதன் பொருள். ஏழாயிரம் ரிங்கிட் கணினி வந்திருந்தால் அடுத்த ஆண்டு துகள்கள் இரட்டிப்பாகியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற 'ஃப்ளோ', லாட்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் சில்பலோடிஸ் பிளெண்டரில் உருவாக்கிய படம். அதன் இறுதி ரெண்டரிங்கிற்குக் கணினிப் பண்ணை எதுவும் தேவைப்படவில்லை. இயக்குநரின் சொந்தக் கணினியே போதுமாயிருந்தது. ஒரு பூனையின் கதைக்கு என்ன வேண்டும், என்ன வேண்டா என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்.

நாங்கள் புதிய கணினி வாங்கவில்லை. சில நூறு ரிங்கிட்டில் ஓர் எஸ்.எஸ்.டி. வன்தட்டும், கூடுதல் நினைவகமும், குளிர்விசிறித் தட்டும் வாங்கினோம். மீதப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று சங்கம் இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறது. வாசிப்பு மூலைக்குத் தமிழ்ச் சிறுவர் நூல்கள் வாங்கலாம் என்பது என் விண்ணப்பம்.

அடுத்த முறை உங்கள் பள்ளிக் கணினி திணறும்போது, எதை நீக்குவது என்று கேட்குமுன் எதை நீக்கவே கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகம், அவர்களுடைய குரல், பிழையில்லாத பெயர், வீட்டுப் பெரியவர்களின் படம் ஆகியவை அந்தத் தாளில் இருக்கட்டும். சோதனையை மற்றவற்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பள்ளியில் கண்ட சிக்கல்களையும் தீர்வுகளையும் எழுதியனுப்பினால் பிற ஆசிரியர்களுக்கும் உதவும்.