ஞானமகன் அனுப்பிய பணம்

பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிணத்தின் வாயைத் திறக்கவல்ல அப்பணத்துக்குத் தன் கதையைத் தானே சொல்ல வாயில்லை என்பதை எம் அறுபத்தேழாம் வயதில்தான் யாம் கற்றுக்கொண்டோம். கற்பித்தவர் திருவரங்கத்து ஆடிட்டர் ஒருவர். கற்றுக்கொள்ள நேர்ந்த விதம் சற்றே மனத்தை வருத்தியதாயினும், நம் பங்குக் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்னும் எண்ணத்தால் இங்கு எழுதத் துணிந்தோம்.

2023 சனவரியில் எம் துணைவியாருக்கு இருதய அறுவைச் சிகிச்சை உடனே செய்தாக வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். ஓய்வூதியத்தை நம்பி வாழும் ஆசிரியர் குடும்பம் எங்களுடையது. காப்பீட்டுத் தொகையும் கைச்சேமிப்பும் போக, இரண்டு இலட்சம் ரூபாய் குறைந்தது. யாரிடம் கேட்பது என்று யாம் தயங்கிக்கொண்டிருக்கையில், செய்தி எப்படியோ பெங்களூரில் இருக்கும் எம் ஞானமகனுக்கு எட்டிவிட்டது.

அவன் பாலக்கரையில் எங்கள் அண்டை வீட்டில் பிறந்தவன். 1985இல் சகாய மாதா கோவிலில், ஞானஸ்நானத் தொட்டியருகே அவனைக் கையில் ஏந்தி நின்றவர்கள் யாமும் எம் துணைவியாருமே. எம்மை அவன் ‘மாமா’ என்பான். எம் துணைவியாரை ‘அத்தை’ என்பான். அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, “மாமா, அத்தைக்காக நான் இதுகூடச் செய்யக்கூடாதா?” என்றான். கைப்பேசிச் செயலி வழியே ஒரு நாளைக்கு ஓர் இலட்சம் என்பது வரம்பாதலால், அன்று ஓர் இலட்சமும் மறுநாள் ஓர் இலட்சமும் எம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தன. அறுவை இனிது முடிந்தது. இறைவனுக்கும் மருத்துவர்க்கும் அப்பிள்ளைக்கும் யாம் நன்றி சொன்னோம். அத்துடன் அப்பணத்தின் கதை முடிந்தது என்றே கருதினோம்.

அவ்வாண்டு சூலையில், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்காக வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றாம் எண் நகரப் பேருந்தில் ஏறி, பழுது பார்த்துத் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றோம். உத்திர வீதியில் வசிக்கும் அந்த ஆடிட்டர் எம்மோடு முப்பது ஆண்டுப் பழக்கமுள்ளவர். நெற்றியில் திருமண் துலங்க, திண்ணையில் அமர்ந்து எம் புத்தகத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

“வாத்தியார் சார், இந்த இரண்டு இலட்சம் யார் அனுப்பியது?”

“எம் ஞானமகன்.”

“அப்படியென்றால் உங்களுக்கு என்ன உறவு?”

எம் சமய வழக்கத்தை விளக்கினோம். அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, “பெரிய உறவுதான். ஆனால் வரிச் சட்டத்தில் அந்த உறவு இல்லையே சார்!” என்றார்.

எமக்குச் சுருக்கென்றது. ஞான உறவை நம் திருச்சபை எத்துணை மெய்யாக மதித்தது என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். 1983இல் புதிய திருச்சபைச் சட்டத் தொகுப்பு வரும்வரை, ஞானப் பெற்றோரும் ஞானப் பிள்ளையும் தம்முள் மணம் புரியத் தடையே இருந்தது. அத்தகைய பிள்ளை எமக்கு அந்நியனா?

ஆடிட்டர் சொன்ன விதி இதுதான். ஓர் ஆண்டில் உறவினரல்லாதாரிடமிருந்து ஒருவர் கைம்மாறின்றிப் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்று, அத்தொகை முழுவதுமே பெற்றவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். உறவினர் தருவதற்கு வரம்பில்லை, வரியுமில்லை. ஆனால் உறவினர் யாவர் என்பதைச் சட்டமே பட்டியலிட்டிருக்கிறது. கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தார், தாய் தந்தையரின் உடன்பிறந்தார், பெற்றோர், பாட்டன் பாட்டியர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகிய நேர் வழியினர், வாழ்க்கைத் துணையின் நேர் வழியினர், இவர்களை மணந்தோர். பட்டியல் இவ்வளவே. ஞானப் பிள்ளை மட்டுமல்லன், உயிர் நண்பனும் பழைய மாணவனும் சிற்றப்பன் மகனும் இதில் இல்லை.

இதில் மற்றொரு வியப்பும் உண்டு. தாய்மாமன் தன் சகோதரியின் மகனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அம்மகனுக்கு வரியில்லை. தாயின் உடன்பிறந்தவர் பட்டியலில் இருக்கிறார். அதே மகன் வளர்ந்து, தன்னை வளர்த்த மாமனுக்குப் பணம் அனுப்பினால், மாமனின் பட்டியலில் சகோதரியின் மகன் இல்லை! வெளிநாட்டிலிருந்து தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் பணம் அனுப்பும் பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனை பேர்!

திருமணத்தின்போது மணமக்கள் பெறும் அன்பளிப்புக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. அவ்விலக்கு மணமக்களுக்கேயன்றி அவர்தம் பெற்றோர்க்கு இல்லை. ஞானஸ்நானம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு போன்ற விழாக்களுக்கும் அது பொருந்தாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்துள்ளது. அன்பளிப்பு பற்றிய இவ்விதி அதிலும் தொடர்கிறது.

எம் கணக்கைப் பார்ப்போம். சேமிப்புக் கழிவுகள் எல்லாம் போக, 2022-23இல் எம் வருமானம் 4,80,000 ரூபாய். ஐந்து இலட்சத்துக்கு உட்பட்டிருந்ததால் வரி இல்லை. இரண்டு இலட்சத்தைச் சேர்த்தால் 6,80,000. பழைய முறைப்படி, மூத்த குடிமகனாகிய எமக்கு மூன்று இலட்சம் வரை வரியில்லை. அடுத்த இரண்டு இலட்சத்துக்கு 10,000. எஞ்சிய 1,80,000க்கு 36,000. இவற்றின்மேல் நூற்றுக்கு நான்கு வீதம் கூடுதல் வரி. ஆக 47,840 ரூபாய்! மருத்துவமனைக்குச் சென்று தீர்ந்துபோன பணத்துக்கு, அதன் நான்கில் ஒரு பங்களவு வரி.

இரவு பெங்களூருக்குப் பேசினோம். பிள்ளை பதறிப்போனான். “மாமா, இதற்கென்ன? நான் கடனாகத்தான் கொடுத்தேன் என்று சனவரித் தேதியிட்டு ஒரு தாள் எழுதித் தருகிறேன். கடனுக்கு வரி கிடையாதே” என்றான். கடன் வருமானமாகாது என்பது உண்மைதான். அவன் சொன்னது அன்பினால் என்பதும் உண்மை. யாம் மறுமொழி சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தத் தாளை வாங்கிக்கொள்ளலாம் என்றே பாதி மனம் சொல்லியது. யாரும் அறியப் போவதில்லை. யாரையும் ஏமாற்றி யாம் பணம் சேர்க்கவுமில்லை. விடியற்காலையில் எம் துணைவியார், யாம் விழித்திருப்பதை உணர்ந்து காரணம் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அவனைத் தொட்டியருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிசாசையும் அதன் பொய்யையும் விட்டுவிடுவதாக அவனுக்காக வாய் திறந்து சொன்னது நீங்கள்தானே? இப்போது அவன் கையாலேயே பொய் எழுதி வாங்கப் போகிறீர்களா?” என்றார்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? சூலை முடியுமுன், அன்பளிப்பைக் காட்டிக் கணக்கைத் தாக்கல் செய்தோம். துணைவியாரின் இரண்டு வளையல்கள் சின்னக்கடை வீதிக்குச் சென்றன. 47,840 ரூபாயும் செலுத்தப்பட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முன்னமே விதியை அறிந்திருந்தால், மெய்யான கடனாகவே பெற்றிருப்போம். அல்லது அவன் மருத்துவமனைக்கே நேரே செலுத்தலாமா என்றாவது ஆடிட்டரைக் கேட்டிருப்போம். அறியாமைக்கு யாம் கொடுத்த விலை அது.

அதே வங்கிப் புத்தகத்தில் இன்னொரு தொகையும் இருந்தது. 2022 ஆகத்தில், எம் அன்பியத்தின் 28 குடும்பங்கள் வேளாங்கண்ணித் திருயாத்திரைக்காகக் குடும்பத்துக்கு 3,000 வீதம் அனுப்பிய 84,000 ரூபாய். பொருளாளர் என்ற முறையில் எம் சொந்தக் கணக்குக்கே வாங்கியிருந்தோம். ஆடிட்டர் அதையும் கேட்டார். நல்லவேளையாக, யார் கொடுத்தது, பேருந்துக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதி, இரசீதுகளையும் ஒட்டி வைத்திருந்தோம். அவர் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். “இது உங்கள் பணம் இல்லை என்று இந்த நோட்டுச் சொல்கிறது. நோட்டு இல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?” என்றார். ஆயினும் பொதுப் பணத்தையும் சொந்தப் பணத்தையும் ஒரே கணக்கில் போடுவதை இனி விட்டுவிடும்படி கண்டித்தார். இப்போது எம் அன்பியத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. இருவர் கையொப்பமும் உண்டு.

பணம் பெறும் கணக்கு ஒன்றாயிருப்பதால் வரும் தொல்லையை 2025 சூலையில் கர்நாடக மாநிலம் முழுவதுமே கண்டது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறை வழியே 2021-22 முதல் 2024-25 வரை பெற்ற தொகைகளைக் கணக்கிட்டு, சரக்கு விற்போர்க்கு 40 இலட்சம், சேவை செய்வோர்க்கு 20 இலட்சம் என்னும் ஆண்டு வரம்பைத் தாண்டியிருந்தும் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாத சிறு வணிகர்களுக்கு அம்மாநில வணிகவரித் துறை அறிவிப்புகளை அனுப்பியது. பெட்டிக்கடைக்காரரும் பேக்கரிக்காரரும் திகைத்துப்போயினர். அத்தொகைகளுள் உறவினர் அனுப்பியதும் கைமாற்றுக் கடனும் கலந்திருந்தன என்று பலர் முறையிட்டனர். வரிவிலக்குள்ள காய்கறியை விற்றவர்க்கும் அறிவிப்பு வந்தது. சிலர் கடை வாயிலில் ஒட்டியிருந்த கட்டத்தாளைக் கிழித்துவிட்டு, ரொக்கம் மட்டுமே என்று எழுதி வைத்தனர். முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசி, பழைய நிலுவை வசூலிக்கப்படமாட்டாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கூறிய பின்னரே கலக்கம் தணிந்தது.

இச்செய்தி கேட்டு நம் காந்தி மார்க்கெட் பக்கத்திலும் சிலர் செயலியையே விட்டுவிட எண்ணியதை அறிவோம். அது நோயை விட்டு மருந்தை வெறுப்பது போன்றது. செயலியில் பணம் அனுப்புவதற்கென்று தனி வரி ஏதுமில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் அனுப்பினால் ஜி.எஸ்.டி. வரும் என்று பரவிய வதந்தியை மத்திய அரசே 2025இல் மறுத்துள்ளது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் கொடுக்கல் வாங்கலை ரொக்கமாகச் செய்யலாகாது என்று சட்டம் சொல்கையில், வங்கி வழியும் செயலி வழியும் நமக்குப் பாதுகாப்பே. மேலும் 2025-26 முதல் புதிய முறைப்படி, ஆண்டுச் சாதாரண வருமானம் 12 இலட்சத்துக்கு மேற்படாதார்க்கு வருமான வரி இல்லை. ஆதலால் எமக்கு நேர்ந்தது இனிப் பெரும்பாலான குடும்பங்களுக்கு நேராது. அஞ்ச வேண்டியதில்லை, ஒழுங்காயிருந்தால் போதும்.

அவ்வொழுங்கு எளியது. கடைப் பணத்துக்கு ஒரு கணக்கு, வீட்டுப் பணத்துக்கு ஒரு கணக்கு, பொதுப் பணத்துக்கு ஒரு கணக்கு. பணம் அனுப்பும்போது ‘அம்மா மருந்துக்கு’, ‘கைமாற்றுக் கடன்’ என்று செயலியின் குறிப்பிடத்தில் இரண்டொரு சொல் எழுதுதல். கடனாயின் அன்றைக்கே இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாள். பெருந்தொகையாயின் வாங்குமுன்னே விவரமறிந்த ஒருவரிடம் ஒரு கேள்வி. மனைவியின் கணக்குக்குக் கணவன் பணம் அனுப்பி, அதை அவர் வைப்பு நிதியில் இட்டால், அந்த வட்டி கணவனின் வருமானமாகவே கொள்ளப்படும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

ஆண்டவரின் பன்னிருவருள் ஒருவர் சுங்கச் சாவடியிலிருந்து எழுந்து வந்த மத்தேயு. செப்டம்பர் 21இல் அவர் திருநாளைக் கொண்டாடும் நாம், கணக்கு எழுதுவதை உலகக் காரியம் என்று ஒதுக்கலாகாது. பிறர் அன்போடு நம்மிடம் தருவதற்கு உண்மையான கணக்கு வைப்பதும் அவ்வன்புக்கு நாம் செய்யும் மரியாதையே.

2025 மே மாதம் எம் ஞானமகனின் மூத்த பெண் புதுநன்மை வாங்கினாள். பெங்களூர் சென்று, அவள் கையில் ஒரு செபமாலையும், அவள் தகப்பன் கணக்குக்கு ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தோம். விருந்து முடிந்ததும் அவன் உள்ளே சென்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, எம் கண்ணெதிரே தேதியிட்டு எழுதினான். எட்டிப் பார்த்தோம். ‘மாமா, அத்தை. உறவினர் அல்லர். ரூ. 5,000’ என்றிருந்தது.

எம் துணைவியார் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே 47,840 கொடுத்திருக்கலாம் என்று எமக்குத் தோன்றியது.