காரைக்கால்மேட்டுக்கு எந்த சைக்கிள்?

காரைக்கால்மேட்டுக்குப் பெயரில்தான் மேடு. இந்த மீனவ ஊரில் கடலோர மணலை விட்டால் ஏறி இறங்க எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போல இங்கேயும் ஆசை, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்த 'கியர் சைக்கிள்' மேல்தான்!

பார்க்க ஜோர்தான். ஆனால், சமதளச் சாலையில் பின்பக்க ஸ்பிரிங் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எடையும் கூடும். கேரியர் மாட்டுவது கஷ்டம். மீன் கூடை கட்ட வேண்டிய வீட்டில் இது சின்ன விஷயமா?

வேடிக்கை என்னவென்றால், 1970-களில் கலிஃபோர்னியாவின் டமால்பாயஸ் மலையில் இளைஞர்கள் உருட்டிவிட்டது ஸ்பிரிங்கே இல்லாத, தடித்த டயர் போட்ட பழைய ஊர் சைக்கிள்களைத்தான். மவுண்டன் பைக் பிறந்தது அப்படி!

கியர் வேண்டாமா என்றால், வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே அந்த வேலையைக் காற்று செய்கிறது. கார்த்திகை வாடையில் வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் மிதித்துப் பாருங்கள், தெரியும். அதற்கு ஏழெட்டு கியர் தாராளம்.

அலையோர ஈர மணலில் ஓட்ட 2 அங்குல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் போதும். உலர்ந்த மணலில் அதுவும் புதையும். தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

பெரிய எதிரி உப்பு. அலுமினிய ஃபிரேம் துருப்பிடிக்காது, செயின் பிடிக்கும். கடற்கரை போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் செயின் கிறீச்சிடும்.