மோந்து பார்த்து இறக்கிய கல்

கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசை கட்டிய தெருக்களைத் தாண்டி நண்பரின் வீடு. மாடிப்படிக்கு அடியில் மூடிவைத்த நீல டிரம். உள்ளே பவர்ஹெட் உப்புத் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. ஹாலில் இருக்கும் கடல்மீன் தொட்டிக்குள் இறங்கப்போகும் ‘லைவ் ராக்’ இதில்தான் ஊறுகிறது.

கடலில் பெயர்த்த கல் இல்லை இது. கல் பவளங்களை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். பவளப் பாறையில் கை வைத்தால் வழக்குதான். அதனால் துளைகள் நிறைந்த செராமிக் கல்லை வாங்கி, வேறொருவர் தொட்டியில் ஊறிய பழைய துண்டோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். பழைய துண்டின் பாக்டீரியா புதுக் கல்லிலும் பரவ வேண்டும். அதற்குத் தீனியாக அவ்வப்போது ஒரு இறால் துணுக்கு.

கல்லின் மேற்பரப்பில் வாழும் பாக்டீரியா, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகளில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும்.

“மோந்து பாருங்க சார்” என்று ஒரு கல்லை எடுத்து நீட்டினார். கடற்கரைக் காற்றின் வாசம். “முட்டை அழுகின நாத்தம் வந்தா உள்ள ஏதோ செத்துக் கிடக்குதுன்னு அர்த்தம். புதுத் தொட்டின்னா மீன் விடுறதுக்கு முன்னாடி பொறுத்துக்கலாம். இங்க ஏற்கெனவே மீன் இருக்கே!”

அவர் கவலை நியாயமானது. செத்தது அழுகினால் அம்மோனியா ஏறும். கடல் நீரின் பி.ஹெச். 8.2 வாக்கில் இருப்பதால், நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட இங்கே அதன் விஷம் கடுமை.

அடுத்தது வாளிக் குளியல். தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் கல்லை முக்கி உலுக்கியதும் பழுப்புத் தூசி புகையாகக் கிளம்பியது. டார்ச் அடித்து ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தார். பழைய துண்டில், கண்ணாடி போன்ற தண்டும் மெல்லிய விரல்களுமாக ஒரு சின்ன பூ.

“பூ இல்ல, ஐப்டேசியாங்கிற தொல்லை உயிரி. பிய்ச்சா ஒவ்வொரு துணுக்கும் தனியா முளைக்கும்.” அந்தத் துண்டு டிரம்முக்கே திரும்பியது.

உப்பின் அளவை ரெஃப்ராக்டோமீட்டரில் பார்த்தார்: டிரம்மிலும் தொட்டியிலும் 1.025. வாளிக்கு எடுத்ததில் நீர்மட்டம் ஏற்கெனவே இறங்கியிருந்ததால் வழியும் பயமில்லை. பின்பக்க மணலை ஒதுக்கி, அடிக் கண்ணாடி தெரிந்ததும் கல்லை அதன்மேல் உட்கார வைத்தார். மணல்மேல் வைத்தால், அடியில் குடையும் மீனோ இறாலோ கல்லைச் சாய்த்துவிடும். பின்சுவரில் ஒட்டாமல், தண்ணீர் ஓட இடைவெளியும் விட்டார். க்ளவுன் மீன் ஜோடி தங்கள் மூலையை விட்டு நகரவில்லை.

டிரம்மில் இன்னொரு கல் தயாராக இருந்தும் அதைத் தொடவில்லை. முதலில் தினமும் அம்மோனியா டெஸ்ட். சோதனைக் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றால்தான் அடுத்த கல். பச்சை தட்டினால்?

“அப்பவே கல்லை வெளிய எடுத்துட்டு, தண்ணி மாத்திடுவேன். கல்லு காத்திருக்கும் சார், மீன் காத்திருக்காது.”