புக்கிட் புத்துஸ் ஏற்றமும் பழைய சாகாவும்

சிரம்பானிலிருந்து கோலா பிலா வழியாகப் பகாவ் பக்கத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்குப் புக்கிட் புத்துஸ் தெரியும். புதுச் சாலை வந்து வளைவுகள் குறைந்தன, ஏற்றம் இருக்கிறது. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்புரேட்டர் காடியின் நோய் இங்கேதான் வெளிப்படும்.

சமதரையில் ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் விக்கினால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. முதலில் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றுவது பிறகு. மழை ஈரத்தில் விக்கினால் பிளக் வயரைப் பாருங்கள். நிற்கும்போது உதறி, வேகமெடுத்தால் சரியாகிறதா? வெக்குவம் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். ரப்பர் விளைந்த மாநிலத்தில் ரப்பரே காலை வாருகிறது! தோட்டத்துச் செம்மண் தூசி காற்று ஃபில்டரையும் அடைக்கும்.

விக்கும் காடியோடு செம்பனை லோரியை முந்தாதீர்கள். மெதுவாக இறங்கினால் உலு பெண்டுல் ஓடை. பிள்ளைகள் காலை நனைக்கட்டும், இஞ்சினும் ஆறட்டும்.